குளம் வற்றினாலும் பேசும் கலை எது? கரையில் வைக்க நான்கு வழிகள்

தூர்வாரிக் கரை கட்டி, நடைபாதையும் போட்டு முடித்த பிறகு ஊரில் அடுத்து எழும் பேச்சு, கரையில் ஏதாவது வைக்க வேண்டும் என்பது. சிமெண்ட் மயிலோ, ஊர்ப் பெயர் எழுதிய ஒளிப்பலகையோ வைத்தால் ஒரு வாரம் படம் எடுப்பார்கள். தொட்டும் இயக்கியும் பார்க்கிற மாதிரி, நாலு பேர் கூடி நிற்கிற மாதிரி, அந்தக் குளத்தைப் பற்றியே சொல்கிற மாதிரி ஒன்றைச் செய்வது வேறு வேலை. அதற்குக் கைக்கெட்டும் வழிகள் நான்கு: தரையிலிருந்து பீறிடும் நீரூற்று, அடிபம்பால் ஓடும் வாய்க்கால் சிற்பம், நனைத்தால் மட்டும் தெரியும் தரை ஓவியம், நீர்மட்டத்தைக் காட்டும் கல்தூண்.

நான்கையும் எடைபோட ஒரே கேள்வி போதும். மே மாதக் கடைசியில் குளம் வெடித்துக் கிடக்கும்போது இது என்ன செய்யும்? தமிழ்நாட்டுக் குளங்களில் பெரும்பாலானவை வருடத்தில் பல மாதங்கள் அடிமண் தெரியக் கிடப்பவை. தண்ணீர் ததும்பும் டிசம்பரில் எதை வைத்தாலும் அழகுதான். தண்ணீர் இல்லாதபோது மௌனமாகிவிடும் படைப்பும், இருப்பதுபோலக் காட்டிக்கொள்ளும் படைப்பும் குளத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இங்கே அளவுகளைத்தான் தருகிறோம். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேரிடம் விலைப்புள்ளி கேட்டால் யார் எதை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

தரை நீரூற்று

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இந்த வகையில் உலகமறிந்த எடுத்துக்காட்டு, சிகாகோவின் மில்லேனியம் பூங்காவில் 2004இல் திறந்த கிரவுன் ஃபவுண்டன். ஸ்பெயின் நாட்டுச் சிற்பி ஜௌமே பிளென்சா வடிவமைத்தது. 50 அடி உயரக் கண்ணாடிக்கல் கோபுரங்கள் இரண்டில் அந்நகரவாசிகள் சுமார் ஆயிரம் பேரின் முகங்கள் மாறி மாறி வரும். அவர்கள் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். கீழே பிள்ளைகள் ஆடுவார்கள். பொதுக்கலை ஊரைக் கூட்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. ஆனால் அதன் பின்னால் நிரந்தரப் பராமரிப்புப் பணியாளர்களும் பெரும் பணமும் இருக்கின்றன.

நம் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம். 12 நாசில்கள், ஒவ்வொன்றும் 12 மில்லிமீட்டர் துளை, ஒரு மீட்டர் உயரம் பீறிட வேண்டும் என்றால் ஒரு நாசிலுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், மொத்தம் 360 லிட்டர் ஓட வேண்டும். குழாய் உராய்வையும் சேர்த்தால் 1.5 குதிரைத்திறன் மோட்டார் தேவை. அடியில் 4,000 முதல் 5,000 லிட்டர் சம்ப், மணல் வடிகட்டி, புற ஊதா விளக்கு, குளோரின் செலுத்தி, இவை எல்லாவற்றுக்கும் ஒரு மோட்டார் ரூம். தினமும் 4 மணி நேரம் ஊற்று, 8 மணி நேரம் வடிகட்டி என்று ஓடினால் மின்சாரம் மாதம் 250 யூனிட்டை நெருங்கும்.

பழுதைவிடப் பெரிய கவலை நோய். பிள்ளைகள் மேல் பட்டு வழிந்த தண்ணீர்தான் திரும்பச் சம்ப்புக்குள் போகிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி, முறைப்படி குளோரின் போட்ட நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். 2005இல் நியூயார்க் மாநிலத்தின் செனெகா ஏரிப் பூங்காவில் இப்படிப்பட்ட நீர்விளையாட்டுத் தளத்தால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். புற ஊதா விளக்கு அங்கே கட்டாயமானது அதன் பிறகுதான். எனவே தனிக் குளோரின் (கிருமியைக் கொல்ல நீரில் மீந்திருக்கும் குளோரின்) 1 முதல் 3 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், அமில-கார அளவான பிஎச் 7.2 முதல் 7.8 என்பதை ஒருவர் நாள்தோறும் அளந்து எழுதிவைக்க வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காத ஊர் இந்த வழிக்கே போகக்கூடாது.

மற்றவை சின்னத் தொல்லைகள்தான், ஆனால் ஓயாதவை. போர் தண்ணீரின் உப்பு நாசில் வாயில் படிந்து பீச்சு கோணலாகும். மாதம் ஒருமுறை கழற்றிச் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். வேப்பிலையும் புங்கம்பூவும் வடிகால் சல்லடையை அடைக்கும். தரைக்கல் பாலிஷ் போட்டதாக இருந்தால் வழுக்கும். தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட்தான் வேண்டும். லண்டன் ஹைட் பூங்காவில் இளவரசி டயானா நினைவு நீரூற்று 2004 ஜூலையில் திறந்த சில வாரங்களிலேயே இலை அடைத்து வழிந்தது, ஆட்கள் வழுக்கி விழுந்தார்கள், மூடித்தான் சரிசெய்தார்கள். இன்றும் அதில் உட்கார்ந்து காலை நனைக்கலாம், நடக்கக்கூடாது. விளக்குகள் 12 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் கருவி இல்லாமல் ஸ்விட்சையே தொடக்கூடாது.

முதல் கேள்வியை இதனிடம் கேட்டால் பதில் சங்கடமானது. மே மாதத்தில் குளம் காய்ந்து கிடக்க, பக்கத்தில் டேங்கர் தண்ணீரில் ஊற்று ஆடும். குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் அதைப் பார்த்துக் கோபம் வருவது நியாயம். முழுநேர ஊழியரும் சுத்திகரித்த நீரும் உள்ள மாநகரப் பூங்காவுக்கு இது பொருந்தும். குளக்கரைக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அடிபம்பும் வாய்க்காலும்

இதில் மின்சாரம் இல்லை. அடித்தால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். தண்ணீருக்கு உழைப்பு என்ற விலை உண்டு என்பதைப் பிள்ளைகளின் கை தெரிந்துகொள்ளும்.

நல்ல வடிவம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு ஏரிகள் பெரும்பாலும் சங்கிலியாக அமைந்தவை. மேலேரி நிறைந்து கலிங்கில், அதாவது உபரிநீர் வெளியேறும் கல்லணையில், வழிந்தால்தான் கீழேரிக்கு வரும். உங்கள் குளம் எந்தச் சங்கிலியில் எத்தனையாவது என்று பார்த்து, அதையே கல்லில் சிறிதாகச் செதுக்கலாம். எதிரெதிரே இரண்டு அடிபம்புகள், நடுவே நாலு தொட்டி, தொட்டிக்குத் தொட்டி ஒரு குட்டி மடை, தூக்கி இறக்கும் பலகை. மேலே உள்ளவர் பலகையைத் தூக்காவிட்டால் கீழே உள்ளவருக்கு வராது. விளக்கப்பலகையே தேவையில்லை; நாலு பேர் ஐந்து நிமிடம் ஆடினால் பேச்சு தானாக எழும்.

பம்பைத் தேர்வதில் தவறு நிறைய நடக்கிறது. தெருவில் காணும் இந்தியா மார்க் 2 ஆழத்துக்கு ஆனது. அதன் சிலிண்டர் 63.5 மில்லிமீட்டர், அடி 125 மில்லிமீட்டர். ஒரு முழு அடிக்கு 0.4 லிட்டர், 40 அடிக்கு ஏறத்தாழ 16 லிட்டர். ஆனால் ஆழம் குறைந்த கிணற்றில் வைத்தால் கம்பியின் எடை போதாமல் பிஸ்டன் தானாக இறங்காது. மேலே செயின் மடங்கிப் பிடிக்கும். குளக்கரையில் ஓர் உறைகிணறு இறக்கி, நீர்மட்டம் 6 மீட்டருக்குள் இருந்தால், பழைய வீடுகளில் இருந்த வார்ப்பிரும்பு உறிஞ்சு பம்பே போதும். ஓர் அடிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேலே தரும். நிதானமாக நிமிடத்துக்கு 30 அடி அடித்தால் 15 முதல் 18 லிட்டர். நீர்மட்டம் 7 மீட்டருக்குக் கீழே போனால் நடைமுறையில் எந்த உறிஞ்சு பம்பும் சரியாக இழுக்காது, காற்றழுத்தத்தை நம்பி இயங்குவதால் வரும் எல்லை அது.

அந்தக் கணக்கை வைத்துத்தான் தொட்டியை அளக்க வேண்டும். ஒரு தொட்டி 20 லிட்டர் என்றால் ஒரு பம்பில் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், பிள்ளை காத்திருக்கும். அழகுக்காக 100 லிட்டர் தொட்டி வைத்தால் நிரம்புவதற்குள் ஓடிவிடும். வாய்க்கால் 10 சென்டிமீட்டர் அகலம், சரிவு நூற்றுக்கு ஒன்று, அதாவது 5 மீட்டர் நீளத்துக்கு 5 சென்டிமீட்டர் இறக்கம். இதற்குக் குறைந்தால் மண் தங்கும். ரொம்பக் கூடினால் தண்ணீர் நிற்காமல் பாய்ந்து மடையின் விளையாட்டே போய்விடும். தொட்டியின் அடியில் 6 மில்லிமீட்டர் துளை ஒன்று கட்டாயம். 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள 20 லிட்டர் தொட்டி அதன் வழியே அரை மணி நேரத்தில் தானே வடிந்துவிடும். ஏடிஸ் கொசு தெளிந்த நீரில் முட்டையிலிருந்து கொசுவாகப் பத்து நாள்கூடத் தேவையில்லை. வடியாத தொட்டி டெங்கு வளர்ப்பதாகிவிடும். வடிகிற நீரைக் கரைமரங்களுக்கோ திரும்பக் குளத்துக்கோ விடலாம்.

இதில் தேய்வது தோல் வாஷர். நாள் முழுக்க அடிபடும் பம்பில் அது சில மாதத்தில் போகும். பக்கத்து மளிகைக் கடையில் ஒரு டப்பாவில் நாலு வாஷர், இரண்டு கைப்பிடி பின், ஒரு அடி வால்வு, 17-19 ஸ்பேனர் வைத்துவிட்டால் ஊர் பிளம்பர் அரை மணியில் முடிப்பார். அடி வால்வில் மணல் சிக்கினால் பம்பு தண்ணீரை இறக்கிவிடும். ஒரு சொம்பு ஊற்றித்தான் மறுபடி எடுக்க வேண்டும். அந்தச் சொம்புத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது என்பதால் இந்த நீர் குடிக்க அல்ல என்று கல்லிலேயே வெட்டிவிடுங்கள். அடிபடுவது பெரும்பாலும் அடிப்பவர் அல்ல, எதிரே குனிந்து பார்க்கும் சின்னப் பிள்ளை. மேலெழும் கைப்பிடி தாடையில் படும். கைப்பிடி சுழலும் இடத்தைச் சுற்றி 15 சென்டிமீட்டர் திண்டு கட்டிப் பிரித்துவிடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை: விளையாட்டையும் குடிநீர் வழங்கலையும் சேர்க்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய பிளேபம்ப் என்ற சுற்றுராட்டினம், பிள்ளைகள் சுற்றினால் தொட்டி நிறையும் என்ற யோசனை, பல நாடுகளுக்குப் பரவியது. ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணீர் தர வேண்டுமென்றால் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று பின்னர் கணக்கு வந்தது. விளையாட ஆளில்லாத நேரத்தில் பெண்கள்தான் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மே மாதத்தில்? உறைகிணற்றில் மட்டம் இறங்க இறங்க அடிக்க வேண்டிய பலம் கூடும், ஒரு நாள் வெறும் காற்று வரும். அதுவும் ஒரு செய்திதான். ஆனால் பழுதா, தண்ணீர் இல்லையா என்று வருபவருக்குத் தெரியாது. அதனால் கிணற்று மட்டம் காட்டும் ஒரு மிதவைக் கம்பி பக்கத்தில் வேண்டும்.

நனைத்தால் தெரியும் தரை

செலவு மிகக் குறைந்தது, எனவே முன்னோட்டமாகச் செய்து பார்க்க ஏற்றது. ஓடு, செங்கல் சுவருக்கு அடிக்கும் சிலேன்-சிலாக்சேன் நீர்விலக்கியை வாங்கி, பிவிசி தாளில் வெட்டிய அச்சு வைத்துச் சிமெண்ட் தரையில் தெளித்தால், காய்ந்தபின் எதுவும் தெரியாது. மழை பெய்தாலோ ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாலோ சுற்றியுள்ள சிமெண்ட் கறுத்து, தெளித்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். வாசல் தெளித்ததும் கோலம் தானே எழுவது போலிருக்கும். மூடப்பட்டுப்போன வரத்துக் கால்வாய்களின் தடத்தை இப்படித் தெருவில் வரையலாம்: கால்வாய் எங்கே ஓடியது என்பதை மழையே காட்டும்.

சிமெண்ட் போட்டு 28 நாள் ஆகியிருக்க வேண்டும், நன்றாகக் கழுவி இரண்டு நாள் உலர்ந்திருக்க வேண்டும், முதல் பூச்சு ஈரம் காயுமுன் இரண்டாவது. ஒரு லிட்டர் 4 முதல் 6 சதுர மீட்டர் வரும். பளபளக்கும் டைல்ஸ், பாலிஷ் கிரானைட் மீது பயனில்லை. நீரை உறிஞ்சும் பரப்பு வேண்டும். ஆட்கள் நடமாட்டத்தில் சில மாதங்களில் தேயும். பாசி பிடித்தாலும் வேறுபாடு மங்கும். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், பள்ளிப் பிள்ளைகளே மறுபடி தெளிக்கலாம். அதைக் குறையென்று சொல்ல மாட்டோம். மே மாதத்தில் ஒரு சொம்புக்கு மேல் இது கேட்பதில்லை.

தண்ணீர் பட்டால் ஒளிரும் எல்இடி சுவர் என்றும் ஒன்று உண்டு. பிரெஞ்சுக் கலைஞர் அந்தோனேன் ஃபூர்னோ 2012இல் புவாத்தியே நகரில் காட்டியது. தூரிகையைத் தண்ணீரில் தொட்டு எழுதினால் எழுத்து ஒளியாகத் தெரியும், அற்புதமானது. ஆனால் மின்முனைகள் நேர்மின்னோட்டத்தில் அரித்துப்போகும், அடைமழையில் சுவர் முழுக்க ஒன்றாக எரியும். மூன்று நாள் திருவிழாவுக்கு வாடகைக்கு எடுங்கள், கரையில் பதிக்காதீர்கள்.

நீர்மட்டத் தூண்

குளத்தையே கலைஞராக்கும் வழி இது. உலகில் நீடித்து நின்றவையும் இந்த வகைதான். சீனாவில் யாங்ட்சி ஆற்றின் ஃபூலிங் அருகே பைஹெலியாங் பாறையில் கி.பி. 763 முதல் நீர் இறங்கிய ஆண்டுகளைக் குறித்து வந்திருக்கிறார்கள். கல்மீன் வெளியே தெரிந்தால் அடுத்து நல்ல விளைச்சல் என்பது அவ்வூர் நம்பிக்கை. செக் நாட்டில் எல்பே ஆற்றில் டெச்சின் நகரருகே உள்ள பஞ்சக்கல், 'என்னைக் கண்டால் அழு' என்கிறது; அதில் படிக்க முடிகிற பழைய ஆண்டு 1616. ஒரே இறங்கிய நீர்தான், ஒரு ஊர் நம்பிக்கையை எழுதியது, ஒரு ஊர் கண்ணீரை. பாரிஸில் அல்மா பாலத்துச் சிப்பாய் சிலை அளவுகோலாக எழுப்பியதே அல்ல. ஆனால் 1910 வெள்ளம் அவர் தோள்வரை வந்தது என்பதை ஊர் மறக்கவில்லை; இன்றும் சேன் ஆறு ஏறினால் அவர் காலைத்தான் பார்க்கிறார்கள். திருநெல்வேலியில் தாமிரபரணி பெருகினால் குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு மூழ்கியது என்று கேட்பதும் இதே பழக்கம்.

3 மீட்டர் ஆழக் குளத்துக்கு 4.2 மீட்டர் நீளக் கிரானைட் தூண், 30க்கு 30 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ ஒரு டன். முக்காலியும் செயின் புளாக்கும் அல்லது ஜேசிபியும் இல்லாமல் நிறுத்த முடியாது, குளம் காய்ந்த மே, ஜூனில்தான் நிறுத்த முடியும். 1.2 மீட்டர் மண்ணுக்குள். களிமண் நனைந்து ஊதும், காய்ந்து சுருங்கும். வண்டலில் நிறுத்திய தூண் இரண்டே பருவத்தில் சாயும். கெட்டிமண் வரும்வரை தோண்டி, ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கம்பிகட்டிய கான்கிரீட் அடித்தளம் போட வேண்டும்.

சிற்பிக்குக் கொடுக்கும் முன் மட்டம் எடுங்கள். கலிங்கின் உச்சிதான் முழுக்கொள்ளளவு. தூணில் அதுதான் முதல் கோடு. கொத்தனாரின் டியூப் மட்டமே போதும்: 20 மீட்டர் தெளிவான குழாய், நீரில் கொஞ்சம் சாயம், உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக்கூடாது. 100 மீட்டர் தள்ளிய கலிங்கிலிருந்து ஆறு தாவலில் கொண்டுவரலாம், மொத்தப் பிழை ஒரு சென்டிமீட்டருக்குள் நிற்கும். கலிங்கை இடித்துக் கட்டினாலும் கணக்கு கெடாமலிருக்க, அருகே அசையாத ஒரு பாறையிலோ கோயில் படியிலோ அதே மட்டத்தைப் பெயிண்டால் குறித்துவையுங்கள்.

30 சென்டிமீட்டருக்கு ஒரு உருவம் என்று பத்து உருவங்கள்: அடியில் நத்தை, மேலே தவளை, கெளுத்தி, நாரை, உச்சியில் தாமரை. உருவம் எதுவானாலும் ஊரார் தேர்ந்ததாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண் வேண்டும். ஒரு ஏக்கர் பரப்பில் 30 சென்டிமீட்டர் நீர் என்பது 12 லட்சம் லிட்டர். தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகரக் கணக்கில் 200 வீடுகளுக்கு, வீட்டுக்கு நாலு பேர் வைத்தால், 11 நாள் வரும். ஆகவே 'தவளையிலிருந்து கெளுத்தி: 11 நாள்' என்று வெட்டலாம். கரை சரிவாக இருப்பதால் கீழ்ப்படிகளில் பரப்பு குறையும், ஒவ்வொரு மட்டத்திலும் கயிறு பிடித்துப் பரப்பை அளந்தே எண் போட வேண்டும். யாரும் எடுக்காமலே கோடையில் வெயில் நாளுக்கு 5 முதல் 7 மில்லிமீட்டர் குடித்துவிடும், அதாவது ஒரு உருவம் ஒன்றரை, இரண்டு மாதத்தில் வெளியே வரும். அதைவிட வேகமாக இறங்கினால் மண்ணில் ஊறுகிறது, யாரோ இறைக்கிறார்கள் அல்லது மதகு கசிகிறது.

கை வைக்க எதுவும் இல்லையே என்பார்கள். கரைச் சுவரில் ஒரு செப்புமீனை மிதவையோடு இணைத்தால் நீர் ஏற ஏற அதுவும் ஏறும். 200 மில்லிமீட்டர் பிவிசி குழாயை நட்டு, அடியில் 20 மில்லிமீட்டர் துளை மட்டும் விட்டால் அலை உள்ளே வராது. 160 மில்லிமீட்டர் மூடிய குழாய் மிதவை, 2 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத கம்பி, மறுமுனையில் எதிர் எடை. அந்த மிதவை ஒரு சென்டிமீட்டர் மட்ட வேறுபாட்டுக்கு 200 கிராம் விசை தரும். கப்பியின் உராய்வு 100 கிராமுக்கு மேல் இருந்தால் மீன் தாமதித்துத் தாவும். குழாய் அடியில் வண்டல் ஏறும், மேல்வாயில் குளவி கூடு கட்டும். ஆண்டுக்கு இருமுறை திறந்து கழுவ மூடி வையுங்கள். அதோடு ஒரு சிலேட்டுப் பலகை: ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தெரு மட்டத்தை எழுத வேண்டும். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியத்தைப் பேசுகின்றன. பொறுப்பு ஆண்டுதோறும் கைமாறியது. அந்த ஏற்பாடு இங்கும் நன்றாகப் பொருந்தும்.

இதற்குத் துணையாக வெள்ளக்கோடு. 2007இல் நியூயார்க்கில் ஈவ் மோஷர் என்ற கலைஞர், விளையாட்டு மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு, கடல் மட்டத்துக்கு 10 அடி மேலான கோட்டை ஏறத்தாழ 70 மைல் வரைந்தார். நடந்துபோனவர்கள் நின்று என்ன என்று கேட்டதுதான் அந்தக் கலையின் பாதி. சென்னை, கடலூர்த் தெருக்களில் 2015 வெள்ளத்தின் மட்டத்தை அதே டியூப் மட்டத்தால் வீடு வீடாகக் கொண்டுபோகலாம். சுவர்க்கறையும் இரண்டு வீட்டார் நினைவும் ஒத்துப்போனால் மட்டும் குறியுங்கள். வீட்டின் விலை குறையும் என்று சிலர் மறுப்பார்கள்; அவர்கள் சுவரை விட்டு மின்கம்பத்துக்கு அனுமதி கேளுங்கள்.

எந்த ஊருக்கு எது

ஒன்றே ஒன்று என்றால் தூண். மே மாதக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது அதுதான். நத்தையின் கால் தெரிகிற நாள்தான் ஊரே கரைக்கு வரும் நாள். 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டபோது, செம்பரம்பாக்கத்தின் அளவு எல்லார் வாயிலும் இருந்தது, தன் தெருக் குளத்தின் அளவு பலருக்குத் தெரியாது. பக்கத்தில் பள்ளி இருந்தால் தூணோடு அடிபம்பு வாய்க்காலும் சேர்க்கலாம். ஊர் இன்னும் ஒத்துவரவில்லை என்றால் ஒரு மழைக்காலம் தரை ஓவியத்தோடு தொடங்குங்கள், யார் சொம்போடு வருகிறார்கள் என்று பார்த்து அவர்களையே குழுவாக்குங்கள்.

அனுமதியை முதலிலேயே கேட்டுவிடுங்கள். கோயில் குளம் என்றால் அறநிலையத்துறை. பழைய படிக்கல்லில் உளி வைக்கக்கூடாது, தனித் தூண்தான். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத்துறையுடையது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. நீர்ப்பரப்புக்குள் நிறுத்தும் எதற்கும் எழுத்தில் இசைவு வேண்டும். கலிங்குக்கும் மதகுக்கும் எதிரே வைக்காதீர்கள். வெள்ள நேரத்தில் ஆகாயத்தாமரை வந்து அதில் சிக்கி நீர்வழியை அடைக்கும். ஜனவரியில் விண்ணப்பம், பிப்ரவரியில் டியூப் மட்டமும் பரப்பளவும், மார்ச்சில் கல் சிற்பியிடம், மே கடைசியில் நிறுத்தல், கான்கிரீட்டுக்கு 28 நாள், அக்டோபர் முதல் ஞாயிறு பலகையில் முதல் எழுத்து.